மேர்வினின் மூன்று காற்றுப் பெட்டிகள்

புதன்கிழமை பின்னேரம் மேர்வின் கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது அவனுடைய படகில் ஒரு கதவு முளைத்திருந்தது.

சின்னக் கதவுதான். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி உயரம். இரண்டு பித்தளைக் கீல், ஒரு காந்தப் பூட்டு, இழுத்துத் திறக்க உருண்டையாக ஒரு குமிழ். ஓரமெல்லாம் சேண்ட் பேப்பர் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவனுக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது.

தோளில் தொங்கிய பையை இறக்கக்கூடத் தோன்றாமல் இஸ்தோப்பில் நின்றான். ஒரே வரிசையில் ஆறு வீடு ஒட்டியிருக்கிற லயத்தில், வீட்டின் முன்பக்கத் திண்ணையான அந்த ஒடுங்கிய இஸ்தோப்பில் எட்டு மாதமாகப் படகுதான் குடியிருக்கிறது. பதினொரு அடி நீளம். வீட்டுக்குள் போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில்தான் போக வேண்டும். மேர்வினும் அப்படித்தான் போவான். அன்றைக்குப் போகவில்லை. குனிந்து குமிழைப் பிடித்து இழுத்தான். கதவு சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே இரண்டு கம்பளி, மகள்மாரின் ஸ்வெட்டர்கள், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டைகள், எல்லாம் மடிப்புக் கலையாமல் கடையில் அடுக்கியதுபோல் இருந்தன.

"பெற்றீசியா!"

அவள் கையில் அகப்பையோடு வந்தாள். "வந்துட்டீங்களா? மெடிக்கல் பாஸா?"

"இத யாரு வெட்டுனது?"

"அண்ணந்தான். ரெண்டு நாளா வந்து செஞ்சு குடுத்துட்டுப் போச்சு. நல்லாருக்குல்ல?"

மேர்வினின் வாய்க்கு வந்ததெல்லாம் மகள்மார் காதில் விழக்கூடாத வார்த்தைகள்.

அந்தக் கதவு இருந்த இடம் அலுமாரி இல்லை. படகின் இரண்டு பக்கமும் உட்காருவதற்கு நீளமாக ஒவ்வொரு பலகை இருக்கிறது. பலகைக்குக் கீழே நாலாபுறமும் அடைத்து, பசை வைத்து, ஒரு துளி தண்ணீர்கூடப் போக முடியாதபடி மூடிய பெட்டி. முன் மூக்கிலும் அதேபோல் ஒன்று. ஆக மொத்தம் மூன்று பெட்டிகள். மூன்றுக்குள்ளும் காற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் அந்தக் காற்றுதான் ஆட்களோடு சேர்த்துப் படகை மேலே தாங்கிப் பிடிக்கும். மரம் தானாக மிதக்கும்தான். ஆனால் நீச்சல் தெரியாத மூன்று பேரைச் சுமந்துகொண்டு மிதக்காது.

இதை அவன் பெற்றீசியாவுக்கு ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருக்கிறான். அவள் தலையாட்டுவாள். மறுநாள் வந்து பலகையைத் தட்டிப் பார்த்து, "உள்ள இம்புட்டு எடம் சும்மா கெடக்கே" என்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து கடை பூட்டும்வரை ஊரார் இழுத்துப்போட்ட சேலைகளை மடித்து மடித்துத் தட்டில் அடுக்குவாள். வீட்டுக்கு வந்தால் நாலு பேர் துணிக்கு ஒரு கயிற்றுக் கொடியும், கட்டிலுக்குக் கீழே இரண்டு சூட்கேசும்தான். ஒரு காம்பரா, ஒரு குசினி, ஒரு இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பையும் படகு பிடித்துக்கொண்ட பிறகு, நடு வீட்டில் மூன்று பெட்டி செய்து அதில் வெறும் காற்றைப் பூட்டி வைக்கிற புருஷனை எந்தப் பெண்தான் பொறுத்துக்கொள்வாள்?

அவளுடைய அண்ணன் மிலான் பென்ட்ரி கபட் செய்கிறவன். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் புதிதாக வீடு கட்டுகிறவர்களின் குசினிக்கு அலுமாரி அடித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். பெட்டி என்று ஒன்றைக் கண்டால் கதவு எங்கே என்று தேடுகிற கண் அவனுக்கு. தங்கச்சி கேட்டாள், மச்சான் ஊரில் இல்லை, செய்து முடித்துவிட்டான்.

"சனிக்கிழம டெஸ்ட்டுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?" மேர்வின் கத்தினான். "படகு நெறையத் தண்ணிய ஊத்தி மூணு பேரு ஏறி ஒக்காரணும். ஒரு மணித்தியாலம் மெதக்கணும். இப்ப தண்ணி எங்க போகும்? இந்தக் கதவத் தெறந்துக்கிட்டு நேரா உள்ள போகும்!"

"அதுக்குத்தான் காந்தம் வச்சிருக்கே."

"காந்தமா? தண்ணிக்குக் காந்தமா?"

"ஏன் கத்துறீங்க? டெஸ்ட் அன்னைக்குத் துணிய எடுத்துடுறேன். அப்பறம் காத்து உள்ள இருக்கும்தானே?"

மேர்வின் பையைத் தரையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, வந்ததும் வராததுமா?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. என் போட்டுக்கு ஜன்னலும் வைக்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

சனிக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. அங்கே தங்க வருகிறவர்களுக்கு மரத்தில் செய்த பாய்மரப் படகுகள் வேண்டும் என்று ஹோட்டலின் படகுப் பொறுப்பாளர் தேடிக்கொண்டிருந்தார். மேர்வின் பதினொரு வருடம் அரபு நாட்டு அஜ்மானில் படகுத் தொழிற்சாலையில் உள்வேலை செய்தவன். ஆசனம், தரைப்பலகை, அலுமாரி, வார்னிஷ், எல்லாம் அவன் கையில் போய்த்தான் வெளியே வரும். போனில் இருந்த படங்களை அவரிடம் காட்டினான். அவர் அதிகம் பேசவில்லை. "ஒண்ணு செஞ்சுகொண்டு வா. தண்ணி நெரப்பிப் பார்ப்பேன். தேறினா இன்னும் நாலு. படகு நிறுத்துற மடுவத்துல வேலையும் ஒனக்குத்தான்" என்றார்.

தேறாவிட்டால் மறுபடியும் அஜ்மான். ஏஜென்சிக்காரன் விசாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்கான மெடிக்கலுக்குத்தான் மேர்வின் கொழும்பு போய் வந்தான். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குள் "வர்றேன்", "வரல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசா வேறு ஆளுக்கு.

அவன் வீட்டோடு வந்து இரண்டு வருடமாகிறது. மூத்தவள் நிலக்ஷி பழகிவிட்டாள். சின்னவள் இன்னமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில், "அப்பா எப்பப் போறீங்க?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்பாள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. வெட்டி எடுத்த பலகையில் கதவு செய்திருந்ததால், அதே துண்டைத் திரும்ப இடத்தில் வைத்துப் பசை போட்டு, பின்னால் ஒரு பட்டி அடித்து மூடிவிடலாம் என்று மேர்வின் மனதில் கணக்குப் போட்டான். தழும்பு தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வியாழக்கிழமை காலையில் பெற்றீசியா வேலைக்குப் போகும் அவசரத்தில் துணிகளை வெளியே எடுத்தாள். கம்பளியை விரித்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"இந்தாங்க, இங்க வாங்க."

"எனக்கு வேல இருக்கு."

"வந்து மோந்து பாருங்க. மூணு நாளுதான் வச்சேன். ஈரம் கோத்துப்போயி நாறுது. வெள்ளச் சட்டையில பாருங்க, புள்ளி புள்ளியா. என்னா பொட்டி செஞ்சிருக்கீங்க? பூசணத்துக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க."

"துணிய ஈரத்தோட வச்சிருப்ப."

"நானா? நான் ஈரத்துணி மடிப்பேனா? எனக்கு மடிக்கத் தெரியாதா?" அவள் சட்டையை அவன் தோளில் எறிந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேர்வின் கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண்டியிட்டு, கதவு வழியாகக் கையை உள்ளே விட்டான். தோள்வரை விட்டுப் பின்பக்கத்துச் சுவரைத் தடவினான். விரல் வழுக்கியது. வெளியே எடுத்தபோது விரல் நுனியெல்லாம் சாம்பல் நிறத்தில் பூசணம். போன் டோர்ச்சை அடித்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிளைவூட் ஓரங்கள் கறுத்திருந்தன. ஒரு மூலையில் பலகையின் மேல்தோல் அப்பளம்போல் லேசாக உப்பியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டிகளை அவன் மூடியது ஜூலை மாதம். விடாமல் மழை. துணி காயாது, விறகு காயாது, மரம் மட்டும் காயுமா? அஜ்மானில் பெட்டியை மூடினால் உள்ளே இருப்பது வெறும் சூடு. இங்கே மூடினால் உள்ளே இருப்பது பாதி மழை. அங்கே உள்பக்கத்துக்கு வார்னிஷ் பூசுவதில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அவனும் பூசவில்லை. அங்கே பழகிய கை, இங்கே மழை பெய்கிறது என்பதை யோசிக்கவில்லை. மழையில் பிறந்து மழையில் வளர்ந்தவன் செய்கிற வேலையா இது?

கதவு இல்லாவிட்டால் இதை அவன் கண்டிருக்கவே மாட்டான். சனிக்கிழமை படகு மிதந்திருக்கும். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அடுத்த மழைக்கு உளுத்து, அதற்கடுத்த மழையில் யாரோ ஒருத்தனுடைய பிள்ளைகளோடு நடு ஏரியில் அந்தப் பலகை பிளந்திருக்கும்.

அப்படியானால் மற்ற இரண்டு பெட்டிகள்?

வலப்பக்கத்துப் பலகையைத் தட்டினான். மூக்குப் பெட்டியைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பெட்டி என்ன பேசப்போகிறது? இரண்டும் நாலு கோட் வார்னிஷில் கண்ணாடிபோல் மின்னின. எட்டு மாத வேலையில் அவனுக்கு மிகவும் பிடித்த இடங்கள் அவை. ஒன்றும் செய்யாமல் விட்டால் சனிக்கிழமை நிச்சயம் தேறும். வெட்டினால் இரண்டு நாளில் காயவைத்து மூட முடியுமா என்பது அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

ஒரு பிளேன்டீ குடித்தான். இன்னொன்று குடித்தான். மிலானுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், அந்தப் பலக வெட்டுற ஜிக்ஸோவத் தூக்கிக்கிட்டு வா."

"ஏன் மச்சான், கதவு இறுகிருச்சா?"

"வான்னா வா."

மிலான் பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தான். மேர்வினின் முகத்தைக் கண்டதும் ஹெல்மட்டைக் கழற்றாமலே நின்றான். அடி விழுமோ என்று யோசித்தவன் மாதிரி இருந்தது.

"வெட்டு" என்றான் மேர்வின், வலப்பக்கத்துப் பலகையைக் காட்டி.

"என்னாது?"

"இதையும் வெட்டு. மூக்கையும் வெட்டு. எனக்குக் கை வரல, நீ வெட்டு."

"நேத்துத் தங்கச்சி போன்ல அழுவுது, நீங்க என்னைய வெட்டப் போறீங்கன்னு. இன்னைக்கு வெட்டச் சொல்றீங்க. ஒங்க வீட்ல ஒரு முடிவுக்கு வாங்க மச்சான்."

"மிலான், பேசாம வெட்டு. பேசுனா நான் மனசு மாறிருவேன்."

மிலான் வெட்டினான். மேர்வின் முதுகைத் திருப்பிக்கொண்டு தேயிலை மலையைப் பார்த்தபடி நின்றான். ஜிக்ஸோ சத்தம் நின்றதும் இரண்டு பேரும் குனிந்து டோர்ச் அடித்தார்கள். வலப்பக்கம், கதவு வைத்த இடப்பக்கத்தைவிட மோசம். மூக்குப் பெட்டிக்குள் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீரே நின்றது.

"நல்ல வேள, நான் கதவு வச்சேன்" என்றான் மிலான்.

"வாய மூடு."

"இல்ல, சும்மா சொன்னேன்."

"சும்மாவும் சொல்லாத."

இனிக் காயவைக்க வேண்டும். வெளியே பார்த்தால் மலையைக் காணோம், பனி மூடிவிட்டது. மேர்வினுக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் வந்தது. தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடி. கொழுந்தை வாடப்போட்டு அடியிலிருந்து சூட்டுக்காற்று ஊதுகிற இடம். அங்கே ஒரு ராத்திரி படகை வைத்தால் எலும்புவரை காய்ந்துவிடும். ஃபெக்டரியில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் சுதாகரன் அவனோடு படித்தவன். ஓடிப்போய்க் கேட்டான்.

சுதாகரன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "வார்னிஷ் பூசுன சாமானா? போட்டா? மேர்வின், நான் சென்ட் போட்டுக்கிட்டு வர்றவனையே உள்ள விடமாட்டேன். கொழுந்து எல்லா வாடையையும் குடிச்சிரும்டா. ஒன் போட்ட ஒரு ராத்திரி வச்சா, அடுத்த கிழம கொழும்புல தேத்தண்ணி ருசி பாக்குறவன் துப்பிட்டுக் கேப்பான், இது தேயிலையா, மேசையான்னு."

"ஒரு மூலையில வச்சுக்..."

"மூலைக்கும் மூக்கு இருக்கு. போ, போ."

மேர்வின் திரும்பி வரும்போது மனதுக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தான். மழையைத் திட்டினான், பனியைத் திட்டினான், பிளைவூட் விற்ற கடைக்காரனைத் திட்டினான். கடைசியில் ஜூலை மாதத்து மேர்வினைத் திட்டினான். அவன்மேல்தான் கோபம் அதிகம். அவனைக் கையில் பிடிக்க முடியாததால் வழியில் கிடந்த ஒரு தகரத்தை உதைத்தான். காலில் பட்டு வலித்தது.

வழி கண்டுபிடித்தவள் மீனம்மா அக்கா. கடைசி வீட்டுச் சர்மிளா கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடுகிறவள். அவளிடம் தலைமயிர் காயவைக்கிற மெஷின் மூன்று இருக்கிறது என்றாள். சர்மிளா மூன்றையும் கொடுத்தாள். கொடுக்கும்போது, "அண்ணே, சனிக்கிழம எனக்குக் கல்யாணம் ஒண்ணு இருக்கு. பொண்ணோட தலையில ஒங்க போட்டோட வாடை அடிச்சா நீங்கதான் வந்து பதில் சொல்லணும்" என்றாள்.

மூன்று பெட்டிக்கு மூன்று மெஷின். மேர்வினுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. மூன்றையும் ஒன்றாகப் போட்டான். டப்பென்று ஒரு சத்தம். லயம் முழுவதும் கரண்ட் போய்விட்டது.

ஆறு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். டீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "யாரு, மேர்வினா?" என்று கேட்டார்கள். வேறு யார் பெயரையும் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் அவனுக்குக் கடுப்பு.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மெஷின் என்று முடிவானது. ஒரு பெட்டிக்கு அரை மணித்தியாலம், பிறகு அடுத்தது. நிலக்ஷி டியூஷன் போகாமல் முறை பார்த்துக் கொடுத்தாள். கடையிலிருந்து வந்த பெற்றீசியா உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து மெஷினைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் துணி வச்சதுல தப்பில்ல" என்றாள்.

"வச்சது தப்பு."

"வைக்கலன்னா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது வேற."

"எது வேற?"

"பெற்றீசியா, மெஷின நேராப் பிடி."

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது மரம் கைக்குக் காய்ந்திருந்தது. உப்பிய இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்பக்கம் முழுவதும் இரண்டு டப்பாவைக் கலக்கிப் பூசுகிற பசையைப் பூசினார்கள். அந்தப் பசைக்குச் சூடு வேண்டும். குளிரில் இறுகாது. திரும்பவும் மெஷின், திரும்பவும் முறை. சர்மிளா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூடிகளை மிலான் செய்தான். கீலும் காந்தமும் இல்லாத மூடி. ஓரமெல்லாம் பழைய லொறி ட்யூபை வெட்டி ரப்பராக ஒட்டி, எட்டு ஸ்குரூ போட்டு இறுக்குகிற மாதிரி. வருடத்துக்கு நாலு தடவை கழற்றிக் காற்றாட விடலாம். மிலானுக்கு அதில் ஒரு அழகும் தெரியவில்லை.

"எட்டு ஸ்குரூ பாக்க அசிங்கமா இருக்கு மச்சான். ரெண்டு கிளிப் போட்டாக்கா ஒரு நொடியில தெறக்கலாம்."

"தெறக்கக் கூடாதுன்னுதான் எட்டு ஸ்குரூ."

"தெறக்கக் கூடாதுன்னா எதுக்கு மூடி?"

"எப்பவாச்சும் தெறக்க."

மிலான் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஒங்கக்கூடக் குடும்பம் நடத்துற என் தங்கச்சிக்கு ஒரு மெடல் குடுக்கணும்."

சனிக்கிழமை காலையில் எட்டுப் பேர் படகைத் தோளில் சுமந்து தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறக்கினார்கள். மழை தூறியது. ஒவ்வொரு முடக்கிலும் ஒருவன் சறுக்கினான். ஒவ்வொரு தடவையும் மேர்வின், "மூக்கு, மூக்கு!" என்று கத்தினான். அவர்கள் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஹோட்டலின் படகுப் பொறுப்பாளர் முன்பு கடற்படையில் இருந்த சிங்களவர். எல்லோரும் அவரை நேவி மாத்தயா, அதாவது நேவி ஐயா, என்றுதான் சொல்வார்கள். குடையும் பிடிக்காமல் மழைக்குள் நின்றார். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே குனிந்து மூன்று மூடிகளையும் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். "புதுசா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நேத்துப் போட்டது மாத்தயா" என்றான் மேர்வின். அதற்கு மேல் பொய் சொல்லவும் விருப்பமில்லை, உண்மையை விளக்கவும் தெம்பில்லை.

படகை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளி, வாளியால் மொண்டு மொண்டு நிரப்பினார்கள். ஆசனப் பலகைவரை தண்ணீர் ஏறியதும் நேவி மாத்தயா ஏறி உட்கார்ந்தார். மிலானைக் கூப்பிட்டார். பிறகு மேர்வினைப் பார்த்துக் கையைக் காட்டினார். "நீயும் வா. ஒம் படகுதானே?"

மேர்வின் கரையிலேயே நின்றான். பதினொரு வருடத்தில் நூற்றுக்கு மேல் படகுகளுக்கு ஆசனம் செய்திருக்கிறான். வார்னிஷ் காய்ந்ததும் படகு வாசல் வழியாகப் போய்விடும், அடுத்தது வந்துவிடும். தண்ணீரில் இருக்கிற ஒரு படகில் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நீச்சலும் தெரியாது. அதை இப்போது, தோட்டத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னால், எப்படிச் சொல்வது?

"மச்சான், குளுருது. வர்றீங்களா இல்லையா?" என்றான் மிலான்.

ஏறினான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தண்ணீர் பனிக்கட்டிபோல் இடுப்பைப் பிடித்தது. நேவி மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கால் மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. மிலானின் பற்கள் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான் மேர்வின் அதைப் பார்த்தான். மூக்குப் பெட்டி மூடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு குமிழி. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கடுகளவுதான். ஆனால் நிற்கவில்லை. காற்று வெளியே வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

அவன் மெதுவாகக் காலை நீட்டி அந்த மூலையைப் பாதத்தால் மறைத்தான்.

"கால எடு" என்றார் நேவி மாத்தயா. அவர் முன்பே பார்த்துவிட்டிருந்தார்.

அரை மணித்தியாலத்தில் மூக்கு இரண்டு விரல் தாழ்ந்தது. முக்கால் மணித்தியாலத்தில் நாலு விரல். மேர்வின் குமிழிகளை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தவறி, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான். கரையில் நின்ற பெற்றீசியா, "என்னா ஆச்சு? என்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் ஆகல, பேசாம இரு!" என்று அவன் இரண்டு தடவை கத்தினான். மூன்றாவது தடவை கத்தக் குளிரில் குரல் வரவில்லை.

ஒரு மணித்தியாலம் முடிந்தபோது மூக்கின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு கை அகலம் நின்றது. பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் அசையவில்லை.

நேவி மாத்தயா கடிகாரத்தை உள்ளங்கையால் துடைத்தார். "பக்கம் ரெண்டும் நல்லாருக்கு. மூக்கு ஒழுகுது. அதச் சரி பண்ணிட்டு வந்து திரும்பக் காட்டணும்" என்றார். "இப்ப ரெண்டு படகுக்குச் சொல்றேன்."

"ரெண்டா? நாலுன்னுதானே சொன்னீங்க மாத்தயா?"

"ரெண்டு. அது ஒரு மழைக்காலம் தாங்கினா மத்த ரெண்டையும் பேசலாம். ஒன்னாந்தேதியிலிருந்து மடுவத்துக்கு வேலைக்கு வா."

"நாலுன்னு சொல்லித்தான் நான்..."

"நாலும் ஒழுகுனா யாரு பொறுப்பு? நீயா, நானா?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாத பேச்சைக் கேட்டால் இப்போதெல்லாம் அவனுக்கு இரட்டிப்பாகக் கோபம் வந்தது.

நேவி மாத்தயா தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தார். மிலானும் கைகளைக் கட்டிக்கொண்டு குதித்து ஓடினான். இரண்டு பேர் பாரமும் போனதும் படகு மேர்வினையும் தூக்கிக்கொண்டு மேலே எழும்பியது.

"என்னாங்க சொல்றாரு?" கரையிலிருந்து பெற்றீசியா கேட்டாள். போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "மணி ஒண்ணாவப் போவுது. ஏஜென்சிக்காரன் ரெண்டு தடவ எடுத்துட்டான். நான் என்னா சொல்லட்டும்?"

"ரெண்டு படகுதானாம்."

"அது கெடக்கட்டும். போறீங்களா, போகலயா?"

"போகலன்னு சொல்லு."

"நெசமாவா?"

"போகலன்னு சொல்லு பெற்றீசியா! எத்தன தரம் கத்துறது?"

கரையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்ததால் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறத் தொடங்கினாள். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று கீழே கிடந்தது.

மேர்வினுக்கு இறங்கக் கால் வரவில்லை. விளிம்பைப் பிடித்தபடி மண்டியிட்டு முன்னால் நகர்ந்தான். மூக்குப் பெட்டியின் மூலையில் குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தது. அந்த மூலை ஸ்குரூவை விரலால் திருகிப் பார்த்தான். லேசாக ஆடியது.

"மிலான்! இந்த ஸ்குரூவ எறுக்குனது யாரு? நீயா?"

"மூக்க நீங்கதான் எறுக்குனீங்க மச்சான்" என்று கரையிலிருந்து குரல் வந்தது.